வெள்ளி போன வழியே: இவாமி கின்சான் சுரங்கத்துக்கும் ஓமோரி ஊருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் இவாமி கின்சான் வெள்ளிச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவுதானா?" ஊரில் பேருந்தைவிட்டு இறங்கி முக்கால் மணி நேரம் மேட்டில் நடக்கிறார்கள். சுரங்கத்துக்குள் பத்து நிமிடம். அடுத்த பேருந்துக்கு ஓட்டம். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன், அதே முகத்தோடுதான் திரும்பினேன்.

இரண்டாம் முறை திட்டத்தை மாற்றினேன். வெள்ளி எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே நானும் போனேன். மலையில் கல்லாக வெட்டினார்கள், பள்ளத்தாக்கில் உருக்கினார்கள், ஊரில் எடைபோட்டார்கள், கடற்கரையில் கப்பலேற்றினார்கள். இந்த நான்கையும் சேர்த்துத்தான் யுனெஸ்கோ 2007-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பட்டியலில் உள்ள பெயரே "இவாமி கின்சான் வெள்ளிச் சுரங்கமும் அதன் பண்பாட்டு நிலப்பரப்பும்" என்பதுதான். சுரங்கம் அதில் ஒரு துண்டு மட்டுமே. இந்த வழிகாட்டி இரண்டு பகல், ஒரு இரவுக்கானது.

படி 1: போவதற்கு முன் கொஞ்சம் கதை

கதை தெரியாமல் போனால் கண்ணில் படுவது மரம் மூடிய ஒரு மலையும் சில துளைகளும்தான். அதனால் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

மலையின் பெயர் சென்னோயாமா, உயரம் 537 மீட்டர். ஹகதா துறைமுகத்து வணிகரான கமியா ஜுதேய் கடலில் போகும்போது இந்த மலை மின்னுவதைப் பார்த்தார் என்று கதை சொல்வார்கள். 1527-ஐ ஒட்டி இங்கே வெட்டும் வேலை தொடங்கியது. முதலில் தாதுவைக் கல்லாகவே கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1533-இல்தான் திருப்பம் வந்தது. கொரியாவிலிருந்து வந்த ஒரு நுட்பத்தை ஜுதேய் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அதற்கு 'ஹைஃபுகி' என்று பெயர். 'ஹை' என்றால் சாம்பல், 'ஃபுகி' என்றால் ஊதி உருக்குதல்.

நம் பொற்கொல்லர்கள் புடம் போடுவார்களே, அதன் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடித்த தாதுவோடு ஈயத்தைச் சேர்த்து உருக்கினால், வெள்ளி கல்லை விட்டுவிட்டு ஈயத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஈயக் கட்டியைச் சாம்பல் பரப்பிய சட்டியில் வைத்து மறுபடி சூடேற்றி ஊதுவார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து உருகிச் சாம்பலுக்குள் இறங்கிவிடும். வெள்ளிக்குச் சாம்பலில் இறங்கும் குணம் கிடையாது, அது மேலே உருண்டையாக நிற்கும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் தாதுவைக் கப்பலேற்ற வேண்டிய அவசியம் இதனால் ஒழிந்தது. மலையடியிலேயே சுத்தமான வெள்ளி கிடைத்தது. இந்த வித்தை இங்கிருந்து ஜப்பானின் மற்ற சுரங்கங்களுக்கும் பரவியது. 16-ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உலகில் எடுக்கப்பட்ட வெள்ளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜப்பானுடையது என்று மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும் பங்கு இந்த மலை தந்தது.

வெள்ளி இருக்கும் இடத்தில் சண்டை இல்லாமல் இருக்குமா? ஓஉச்சி, அமாகோ, மோரி என்று குலத்துக்குக் குலம் இந்த மலைக்காக மோதின. 1600-இல் செகிகஹாரா போரில் வென்ற தொகுகவா இயேயாசு, சூட்டோடு சூடாக இதைத் தன் நேரடி ஆளுகைக்குள் கொண்டுவந்து, ஓகுபோ நகயாசு என்பவரை அதிகாரியாக உட்கார வைத்தார். பிறகு மெல்ல மெல்ல வெள்ளி குறைந்தது. 1923-இல் வேலை நின்றது. போர்க்காலத்தில் செம்புக்காக மறுபடி தோண்டப் பார்த்தார்கள். 1943-இல் வெள்ளம் புகுந்ததோடு கதை முடிந்தது.

படி 2: எப்போது போவது

ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பர். ஜூனில் மழைக்காலம் தொடங்கும், ஆகஸ்டில் புழுக்கம் தாங்காது. குளிர்காலத்தில் ஜப்பான் கடலிலிருந்து வரும் காற்று பனியையும் மழையையும் மாறி மாறிக் கொட்டும். சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. எந்த மாதம் போனாலும் குடை வேண்டும்.

கிழமையும் முக்கியம். ஓமோரியில் அருங்காட்சியகம், பழைய வீடுகள், கடைகள் பலவற்றுக்கும் வார நடுவில்தான் விடுமுறை, அதுவும் ஆளுக்கொரு நாள். செவ்வாய், புதனைத் தவிர்த்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு யுனோட்சுவில் தங்கும்படி திட்டமிட்டால் சாலச் சிறந்தது. காரணம் பின்னால் வரும்.

படி 3: போய்ச் சேர்வது

சுரங்கம் ஷிமானே மாநிலத்தின் ஒதா நகராட்சிக்குள் இருக்கிறது. புல்லட் ரயில் இந்தக் கரைக்கு வருவதில்லை. ஒகயாமா வரை புல்லட் ரயிலில் வந்து, அங்கிருந்து 'யகுமோ' விரைவு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம் பயணித்தால் இசுமோஷி நிலையம். தோக்கியோவிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வழி, 'சன்ரைஸ் இசுமோ' இரவு ரயில். இரவு பத்து மணிக்குச் சற்று முன் கிளம்பி மறுநாள் காலை பத்து மணி வாக்கில் இசுமோஷியில் இறக்கிவிடும். ஜப்பானில் தினசரி ஓடும் படுக்கை ரயில்கள் அருகிப்போய்விட்டதால் இதற்கு அடிபிடி அதிகம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, காலை பத்து மணிக்கு முன்பதிவு திறக்கும். அன்றே எடுத்துவிடுங்கள்.

இசுமோஷியிலிருந்து கடலோரமாக ஒதாஷி நிலையம் வரை விரைவு ரயிலில் அரை மணிக்கும் குறைவு, சாதாரண ரயிலில் முக்கால் மணி. ஒதாஷி நிலைய வாசலில் ஓமோரிக்குப் பேருந்து ஏறலாம், அரை மணிப் பயணம். பின் கதவில் ஏறும்போது எண் அச்சிட்ட சிறு சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது முன்பலகையில் உங்கள் எண்ணுக்கு நேரே உள்ள தொகையைச் சில்லறையாகப் போட வேண்டும். இந்தப் பக்கம் கையில் ரொக்கம் இல்லாமல் வரவே வராதீர்கள்.

பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தை இறங்கியவுடனே புகைப்படம் எடுத்துவையுங்கள். நான் எடுக்கவில்லை. ஒரு பேருந்து என் கண் முன்னாலேயே போனது. அடுத்தது வரும்வரை மூடிய கடையின் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி 4: முதலில் பாரம்பரிய மையம்

முதல் நாள் காலை நேரே சுரங்கத்துக்குப் போகாமல், ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் இவாமி கின்சான் உலகப் பாரம்பரிய மையத்துக்குப் போங்கள். ஒதாஷியிலிருந்து வரும் பேருந்தே பெரும்பாலும் இங்கு வரை வரும். ஒரு மணி நேரம் போதும். மலையின் மாதிரி வடிவத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால், நாள் முழுக்க எந்தத் திசையில் எது இருக்கிறது என்ற குழப்பம் வராது. சொந்தமாகக் கார் எடுத்து வருபவர்களும் வண்டியை இங்கேயே விட்டுவிட வேண்டும். ஓமோரித் தெரு ஒரு காருக்கே இடுக்கு.

ஓகுபோ மபுவுக்குள் போக விரும்பினால் அதற்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். 'மபு' என்பது இங்கே சுரங்க வாயிலுக்கான சொல். இந்த மலையில் அறுநூறுக்கும் மேற்பட்ட மபுக்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரியவைகளில் ஒன்று ஓகுபோ. அந்த முதல் அதிகாரி குதிரையிலேறி ஈட்டியும் கையுமாக உள்ளே போனாராம். அவ்வளவு உயரம். வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, தலைக்கவசமும் ரப்பர் காலணியும் அவர்களே தருவார்கள். மார்ச் முதல் நவம்பர் வரை, வார இறுதியை ஒட்டிய நாட்களில்தான் நடக்கும். குளிர்காலத்தில் உள்ளே வௌவால்கள் உறங்குவதால் அவற்றுக்குத் தொந்தரவு இல்லாமல் மூடிவிடுகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் செலவழிக்க முடிந்தவர்கள் தயங்காமல் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: மேலே ஏறுவது

ஊருக்கும் மலைக்கும் நடுவில் கின்சான் பூங்கா. இங்கிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் ரியூகென்ஜி மபுவுக்கு 2.3 கிலோமீட்டர், மெல்லிய ஏற்றம். பேருந்து கிடையாது. ஒருகாலத்தில் இருந்தது. 2007 அறிவிப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டே எட்டு லட்சம் பேருக்கு மேல் வந்து குவிய, ஜன்னலைத் திறந்தால் புகையும் இரைச்சலும் என்று ஊரார் சொல்ல, பேருந்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. நடக்க முடியாதவர்கள் மின்சார உதவியுள்ள சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம்.

கால் நன்றாக இருந்தால் ஏறும்போது ஆற்றோரப் பாதையில் போங்கள். மூங்கிலும் பெரணியும் மண்டிய கரைகளில் மட்டமாக வெட்டிய மேடைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு வீடோ உலையோ இருந்தது. உற்றுப் பார்த்தால் காட்டுக்குள் கம்பிக் கதவு போட்ட இருட்டுத் துளைகளும் தென்படும். அவையும் மபுக்கள்தான்.

உலகின் பெரிய சுரங்க மலைகள் பல மொட்டையாக நிற்கும்போது இது மட்டும் ஏன் இவ்வளவு பச்சை? உருக்குவதற்கு விறகு வேண்டும், தாங்கு கட்டை வேண்டும், கரி வேண்டும். ஆனால் இங்கே வெடிவைத்து மலையைப் பிளக்கவில்லை. உளியால் தாதுவோட்டத்தின் பின்னாலேயே சிறு துளைகளாகப் போனார்கள். மரங்களை வெட்டுவதும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. யுனெஸ்கோ முடிவிலும் இந்தக் காட்டுக்குப் பங்கு உண்டு.

படி 6: ரியூகென்ஜி மபுவுக்குள்

1715-இல் திறந்த சுரங்கம். மொத்தம் 600 மீட்டர் அளவு நீளம், நாம் நடக்கக்கூடியது 157 மீட்டர். அதன் பிறகு பார்வையாளர்கள் வெளியேறுவதற்காகப் புதிதாகத் தோண்டிய 116 மீட்டர் வழி. நுழைவுக் கட்டணம் சில நூறு யென். கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும், தரை ஈரம். மேல்சட்டையும் வழுக்காத காலணியும் வேண்டும். உயரமானவர்கள் குனிந்து போங்கள்.

வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். அதனால் இரண்டு இடத்திலாவது நில்லுங்கள். முதலில், சுவரின் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சாய்வான கோடுகள் வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றும் ஓர் உளி அடி. இயந்திரம் தொட்ட இடமில்லை. அடுத்து, நடைவழிக்குக் குறுக்கே இரு பக்கமும் பிரியும் பொந்துகளைப் பாருங்கள். வெள்ளி ஓட்டம் போன திசையில் ஒரு மனிதன் ஊர்ந்து போகும் அகலத்துக்கு மட்டும் தோண்டியவை. சங்குபோன்ற கடல் நத்தை ஓட்டில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் உள்ளே கிடந்து வேலை செய்தார்கள்.

கல்தூசியும் எண்ணெய்ப் புகையும் நெஞ்சை அடைத்து இளம் வயதிலேயே பலர் செத்தார்கள். அந்த நோய்க்கு இங்கே 'கெதாயே' என்று பெயர், மூச்சு அறுந்துபோவது. சுரங்கக்காரன் முப்பது வயதைத் தொட்டுவிட்டால் செஞ்சோறும் முழு மீனும் வைத்து வீட்டில் கொண்டாடினார்கள் என்று உள்ளூரில் சொல்வார்கள். மற்ற ஜப்பானியர்கள் அறுபதுக்குச் செய்யும் விழா அது. 1850-களில் மியா தாச்சூ என்ற மருத்துவர் தூசியைத் தடுக்க ஒரு முகமூடி செய்து கொடுத்தார். கம்பிச் சட்டகத்தில் பட்டுத்துணி, நடுவே புளிப்பு உமே பழச் சதை. இரண்டாவது பொந்தின் முன்னால் நின்று இதை நினைத்துப் பார்த்த பிறகு, "இவ்வளவுதானா" என்ற கேள்வி எனக்கு வரவில்லை.

படி 7: இறங்கும் வழியில்

வெளிவாயிலிலிருந்து கீழே வரும்போது சாஹிமேயாமா ஆலயம். சுரங்கத் தெய்வத்துக்கு எழுப்பியது. நூறு படிகள், செங்குத்து. ஏறிவிட்டால் நல்லது, முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு நகரலாம்.

ஷிமிசுதானி உருக்காலையின் இடிபாட்டைத் தவறவிடாதீர்கள். ஃபுஜிதா நிறுவனம் அக்காலத்து இரண்டு லட்சம் யென் கொட்டி 1895-இல் கட்டியது. எதிர்பார்த்த தரத்தில் தாது கிடைக்காததால் ஒன்றரை வருடத்தில் இழுத்து மூடினார்கள். பாசி படிந்த கல் மேடைகள் கோட்டைச் சுவர்போலப் படிப்படியாக மேலேறி நிற்கின்றன. கையால் துளைத்தவர்கள் முந்நூறு ஆண்டு ஓட்டிய இடத்தில் புதுத் தொழில்நுட்பம் பதினெட்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

கீழே இறங்கியதும் ரகான்ஜி கோவில். சுரங்கத்தில் செத்தவர்களுக்காகவும் முன்னோருக்காகவும் பாறைக் குகைகளில் ஐந்நூறு அர்ஹத் (புத்தரின் ஞானமடைந்த சீடர்) சிலைகள் செய்து வைத்தார்கள். கால் நூற்றாண்டு உழைப்பு, 1766-இல் முடிந்தது. சிரிப்பவர், அழுபவர், காதைக் குடைபவர் என்று ஒவ்வொரு முகமும் வேறு. செத்துப்போனவரின் சாயலைத் தேடி இங்கே வருவார்களாம். குகைக்கு முன்னால் ஓடையைத் தாண்டும் சிறு கல்வளைவுப் பாலங்களும் அழகு.

படி 8: ஓமோரித் தெரு

மதியத்துக்குப் பிறகு ஊர். ஆற்றோரமாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளும் ஒற்றைத் தெரு. மக்கள் தொகை நானூறு சொச்சம். சாமுராய் வீடும் வணிகர் வீடும் கைவினைஞர் வீடும் கலந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் இதன் விசேஷம். மற்ற கோட்டை நகரங்களில் தெருவைச் சாதிபோலப் பிரித்துவைத்திருப்பார்கள். 1800-இல் தீ பெரும்பகுதியைத் தின்றது, இப்போது நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் அதன் பின் கட்டியவை. கூரையில் செக்கச் சிவந்த, பளபளக்கும் செகிஷு ஓடு.

குமகாய் வீடு 1801-ஐச் சேர்ந்தது, ஊரிலேயே பெரிய வணிகர் இல்லம். அரசுக்குக் கட்டும் வெள்ளியை எடைபோட்டுத் தரம் பார்த்தது இந்தக் குடும்பம். ஒரே ஒரு வீட்டுக்குள் போக நேரமிருந்தால் இதற்குள் போங்கள். கன்செயோன்ஜி கோவில் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்து சிவப்புக் கூரைகளை மொத்தமாகப் பார்க்கலாம். தெருவின் மறுமுனையில் பழைய அதிகாரி அலுவலகம், இப்போது அருங்காட்சியகம். அருகே கிகாமி ஆலயத்தின் விதானத்தில் ஒரு டிராகன் ஓவியம். சரியாக அதன் கீழே நின்று கையைத் தட்டினால் டிராகன் உறுமும். எதிரொலிதான், ஆனாலும் பெரியவர்களே நாலு தடவை தட்டிப் பார்க்கிறார்கள்.

இங்கே மறக்காமல் இருக்கும் அதிகாரி ஒருவர் உண்டு, அவர் பெயர் இடோ ஹெய்சாயெமோன். 1731-இல் வந்தார், அடுத்த ஆண்டே பெரும் பஞ்சம். களஞ்சியத்தைத் திறந்துவிட்டார், சத்சுமா பகுதியிலிருந்து சர்க்கரைவள்ளிக்கிழங்கு விதையை வரவழைத்தார். 'கிழங்கு அதிகாரி' என்றே பெயர். ஊரில் அவருக்குக் கோவிலும் உண்டு.

சுரங்கம் மூடியபின் இந்த ஊர் ஆளில்லாமல் போயிருக்க வேண்டியது. 1957-இல் ஊர்க்காரர்களே பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். செயற்கைக் கை கால் செய்யும் நகமுரா பிரேஸ் நிறுவனம் காலி வீடுகளைப் பல்லாண்டுகளாகப் புதுப்பித்து வந்திருக்கிறது. துணிக்கும் வீட்டுப் பொருளுக்கும் பேர்போன குங்கெந்தோவின் தலைமையகமும் இங்கேதான். குளிர்பான இயந்திரத்தைக்கூட மரச்சட்டத்துக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள். 2007-இல் ஊரார் எழுதிக்கொண்ட சாசனத்தின் தொடக்கமே, இந்த ஊரில் வாழ்க்கை இருக்கிறது என்பதுதான். ஆகவே திறந்திருக்கும் கதவெல்லாம் கண்காட்சி என்று நினைத்து எட்டிப் பார்க்காதீர்கள், துணி காயும் முற்றத்தைப் படம் எடுக்காதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெரு அடங்கிவிடும்.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. சைவர்கள் காய்கறிச் சாப்பாடு என்று நம்பி வாங்குவதிலும் மீன் சாறு இருக்கும். சூப், சோபா என்ற நூடுல்ஸ், வேகவைத்த காய் எதுவும் விலக்கல்ல. விடுதியில் முன்பதிவின்போதே "நிகு மோ சகானா மோ தாபேமாசென்" என்று எழுதிவிடுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை என்று பொருள். 'தாஷி' என்ற மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். தெருவில் ஒரு ஜெர்மன் ரொட்டிக் கடை உண்டு, அவசரத்துக்கு அதுவே கைகொடுக்கும்.

படி 9: இரவுக்கு யுனோட்சு

ஓமோரியிலேயே பழைய வீடுகளில் தங்கலாம், நிதானமான அனுபவம், விலையும் அதற்கேற்ப. நான் பரிந்துரைப்பது யுனோட்சு. ஒதாஷியிலிருந்து மேற்கே சாதாரண ரயிலில் அரை மணி. வெள்ளி கப்பலேறிய பகுதி, கூடவே வெந்நீர் ஊற்று ஊர். 2004 முதல் பாதுகாக்கப்பட்ட வீதி.

குளிக்க இரண்டு பொதுக் குளியலறைகள். மோதோயு பழையது, காயம்பட்ட தனுகி (நாய் இனத்துக் காட்டு விலங்கு) ஒன்று வந்து குளித்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். யகுஷியு 1872 நிலநடுக்கத்தில் பீறிட்டது. முதல்முறை போகிறவர்களுக்கு: ஆண் பெண் தனித்தனி, உடை எதுவும் கூடாது. தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே இறங்க வேண்டும். சிறு துண்டு தண்ணீரில் படக் கூடாது. கூச்சம் முதல் மூன்று நிமிடம்தான். சூடுதான் உண்மையான சிக்கல், மோதோயுவின் சூடான தொட்டி 45 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மிதமான தொட்டியிலேயே தொடங்குங்கள், கால் முதலில்.

சனிக்கிழமை சொன்னேனே. அன்று இரவு பெரும்பாலான வாரங்களில் தத்சுனோகோசென் ஆலயத்தில் இவாமி ககுரா கூத்து நடக்கும். பாய் விரித்த சிறு கூடம், மேளமும் குழலும் காதருகே. எட்டுத் தலைப் பாம்பு ஒரோச்சி வரும் காட்சியில் காகிதத்தாலும் மூங்கிலாலும் செய்த நீண்ட உடல்கள் முன்வரிசையில் இருப்பவர் மடியில்வந்து விழும். விடுதியில் கேட்டு இடம் சொல்லிவிடுங்கள்.

படி 10: கடைசியாக ஒகிடோமாரி

மறுநாள் காலை, யுனோட்சுவிலிருந்து இருபது நிமிட நடை. மோரி குலத்தின் காலத்தில் வெள்ளியை ஏற்றிய துறை இது. சுரங்கத்திலிருந்து இங்கு வரை 12 கிலோமீட்டர் மலைப்பாதை இன்னும் இருக்கிறது; திடகாத்திரமானவர்கள் அதில் நடந்தே வரலாம், வழியில் கடை கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒடுங்கிய விரிகுடா, விரல்விட்டு எண்ணும் வீடுகள், மீனவர் தெய்வமான எபிசுவுக்கு ஒரு சிறு ஆலயம்.

கரைப் பாறைகளைக் கவனித்துப் பாருங்கள். மாட்டு மூக்கில் மூக்கணாங்கயிற்றுக்குத் துளையிடுவதுபோலப் பாறையின் விளிம்பைக் குடைந்திருப்பார்கள். பெயரும் அதுதான், 'ஹனகுரி' பாறை, கப்பல் கயிறு கட்ட வெட்டியது. கயிறு உராய்ந்து வழவழப்பான இடத்தில் கையை வைத்துப் பார்க்கலாம். பாசி வழுக்கும், அலை உயர்ந்த நாளில் கிட்டே போகாதீர்கள்.

மதியத்துக்குள் யுனோட்சு நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்குச் சில சமயம் இரண்டு மணி நேரம்கூட ஆகும். நிலையத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை.